பாதுகாப்புத் துறையின் உளவு விவகாரங்களில் அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் வேலை எப்படி இருக்கும்? சினிமாவில் வருவது போலவா?

ஓய்வு பெற்றுக் குன்னூருக்கு வந்த புதிதில், நான் டீ குடிக்கும் கடையில் ஒரு வதந்தி ஓடியது. "சார் ரா உளவு அமைப்புல இருந்தவர்." இல்லை என்றேன். இல்லை என்று சொன்னதாலேயே அது உறுதியாகிவிட்டது. நான் மத்திய அரசின் சட்டப் பணியில் இருந்தவன். கடைசிச் சில ஆண்டுகள் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் பாதுகாப்புத் துறைக் கோப்புகள். துப்பாக்கியைத் தொட்டதில்லை, ஸ்டேப்ளர் பின் குத்தி ரத்தம் வந்ததுண்டு.

வழக்கு விவரம் எதையும் சொல்ல மாட்டேன். சட்டம் ஊருக்கே பொது, அதை வைத்துச் சொல்கிறேன்.

வருகிற கோப்பில் எல்லாம் சிவப்பு மையில் 'ரகசியம்' என்று இருக்கும். கொண்டுவருகிற அதிகாரிக்கு அந்த முத்திரையே சட்டம். "அது சட்டம் இல்லை சார்" என்று பக்குவமாக எடுத்துச் சொல்வதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மலை ரயில் வெலிங்டனைத் தாண்டினால் அருவங்காடு, பக்கத்திலேயே கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை. 1923-ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டப்படி அப்படிப்பட்ட இடம் 'தடை செய்யப்பட்ட இடம்'. 3-வது பிரிவை வரிவரியாகப் படித்தால், நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான நோக்கத்தோடு அதன் அருகில் இருப்பதே குற்றம். படம்கூட எடுக்க வேண்டாம். பாதுகாப்பு நிலையம் சம்பந்தப்பட்டதென்றால் 14 ஆண்டு வரை சிறை. அதே ரயில் ஜன்னலில் குழந்தையை நிறுத்தி செல்ஃபி எடுக்கிற அப்பாவின் மேல் 3-வது பிரிவு பாயாது, ஏனென்றால் அந்த நோக்கம் அவரிடம் இல்லை. எதிரிக்குப் பயன்படும் வரைபடத்தின் மேல் 'ரகசியம்' என்று எழுதியிருக்கவும் தேவையில்லை. அந்தப் பிரிவில் உள்ள 'ரகசிய' என்ற சொல் சங்கேதக் குறியீட்டுக்கும் கடவுச்சொல்லுக்கும்தான், வரைபடத்துக்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. ஆக, முத்திரை இருந்தால் போதாது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. இதை ஒரு கர்னலுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு மணி நேரமும் நாலு டீயும் ஆனது.

இந்தச் சட்டத்தில் போலீஸ் தானாக வழக்கை நீதிமன்றத்தில் நிறுத்திவிட முடியாது. அரசின் அதிகாரம் பெற்றவர் கொடுத்த புகார் வேண்டும் என்கிறது 13-வது பிரிவு. அந்த ஒரு தாளில் ஓட்டை இருந்தால் மாதக்கணக்கான விசாரணை வீண். சினிமாவில் கதாநாயகன் ஒற்றனைத் துரத்திப் பிடிப்பதோடு படம் முடியும். எங்கள் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

தொலைபேசி ஒட்டுக்கேட்பு உத்தரவுகளும் அப்படித்தான். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடுகள்தான் இன்றுவரை முதுகெலும்பு. உள்துறைச் செயலர் மட்டத்தில் உத்தரவு, எழுத்தில் காரணம், மறுஆய்வுக் குழு. ஒரு முறை காரணம் என்ற இடத்தில் 'தேசப் பாதுகாப்பு கருதி' என்று மட்டும் எழுதி வந்த கோப்பைத் திருப்பி அனுப்பினேன். அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். "வக்கீல் சார், அங்க குண்டு விழும்போது நீங்க இங்க கமா போட்டுட்டு இருப்பீங்க." எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி நியாயம். அன்று ராத்திரி தூக்கமும் வரவில்லை. காலையில் ஒன்றரைப் பக்கம் காரணம் வந்தது, உடனே கையெழுத்துப் போட்டேன்.

நீதிமன்றத்தில் பழைய சாட்சியச் சட்டத்தின் 123-வது பிரிவு (2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 129) ஒரு காலத்தில் இரும்புக் கதவு. அரசின் உள் ஆவணம், தர மாட்டோம் என்று துறைத் தலைவர் சொன்னால் பேச்சு முடிந்தது. நீதிபதியே ஆவணத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கு கதவை அகலத் திறந்தது. 2023-இல் மீடியா ஒன் தொலைக்காட்சி வழக்கில், சீல் வைத்த கவரை நீதிபதி கையில் மட்டும் கொடுக்கும் பழக்கத்தை உச்ச நீதிமன்றம் நன்றாகவே கண்டித்தது. என்னைக் கேட்டால் தாமதமாக வந்த கண்டிப்பு. கவர் கொடுத்துப் பழகிய அரசு வழக்கறிஞர் வாதாடவே மறந்துவிடுகிறார்.

சேரும் வழி: சட்டப் பட்டதாரிகளுக்கு ராணுவத்தின் ஜேஏஜி என்ற சட்டப் பிரிவு இருக்கிறது, எஸ்எஸ்பி என்ற தேர்வு வாரியத்தின் நேர்காணலில் தேற வேண்டும். சீருடை வேண்டாமென்றால் யுபிஎஸ்சி வழியாக இந்தியச் சட்டப் பணி.

இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். பக்கத்து வீட்டு வாத்தியார், ஒரு பாதுகாப்பு வளாகத்தின் சாலையோரம் வெட்டிய மரங்கள் எத்தனை, 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கினார்களா, இடத்தின் வரைபடம் எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தார். '8(1)(அ), தேசப் பாதுகாப்பு' என்று ஒற்றை வரிப் பதில். நடுரோட்டில் நின்றால் எண்ணிவிடக்கூடிய அடிமரங்கள்! மறுப்பதற்குக் காரணம் எழுத வேண்டும், ரகசியப் பகுதியை வெட்டிவிட்டு மீதியைத் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 7(8), 10 பிரிவுகளைக் காட்டி மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். மர எண்ணிக்கை வந்தது, அனுமதி நகல் வந்தது. வரைபடம் வரவில்லை.

"அதுக்கும் அடுத்த அப்பீல் போட்டுடலாமா சார்?" என்றார்.

"வேண்டாம் வாத்தியாரே. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத் தந்திருக்க மாட்டேன்."

ஒரு வாரமாக அவர் என்னோடு பேசவில்லை. டீக்கடையில் என்னைப் பற்றிப் பழைய வதந்தி மறுபடி கிளம்பியிருக்கிறது.