லைம் ரீஜிஸ்: இடிந்துகொண்டே இருக்கும் கரையில் என்ன பார்ப்பது?

இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் இருக்கிறது லைம் ரீஜிஸ். நாலாயிரம் பேர்கூட வசிக்காத சிற்றூர். விடுமுறைக்கு அங்கே போக நினைக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, அந்தக் கரையருகே நெடுநாளாக வசிக்கும் நம் நண்பர் பதில் தருகிறார்.

கார் இல்லாமல் லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா, ஐயா? – குரோய்டன் வாசகி

முடியும். ஆனாலும் ஓர் இரவு தங்குங்கள் என்றுதான் சொல்வேன். வாட்டர்லூவில் எக்ஸிட்டர் ரயில் ஏறி ஆக்ஸ்மின்ஸ்டரில் இறங்க வேண்டும். ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். லைமுக்கு முன்பு ஓடிய கிளை ரயிலை 1965இல் நிறுத்திவிட்டார்கள். அதனால் கடைசி எட்டு ஒன்பது கிலோமீட்டருக்கு பஸ்தான்.

தங்கச் சொல்வதற்குக் காரணம் கடல். நீர் வற்றும் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நீங்கள் வரும் நாளில் நண்பகலில் கடல் ஏறி நின்றால், அத்தனை தூரம் வந்தும் கல் தேடும் கரையில் கால் வைக்க முடியாது. முதலில் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பாருங்கள். ரயில் டிக்கெட்டை அதன் பிறகு வாங்குங்கள்.

எட்டு வயது மகன் புதைபடிவம் என்றால் உயிரை விடுகிறான். ஒன்றாவது கிடைக்குமா? சுத்தியல் வாங்க வேண்டுமா? – லெஸ்டர் வாசகர்

கிடைக்கும். சுத்தியல் வேண்டவே வேண்டாம். லைமுக்குக் கிழக்கே மூன்று கிலோமீட்டரில் உள்ள சார்மத்துக்கு பஸ்ஸில் போங்கள். கடற்கரையிலேயே உள்ள பாரம்பரிய மையத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே போய், கரையில் கிடப்பவை எப்படி இருக்கும் என்பதை மகனுக்கு முதலில் காட்டுங்கள். வழிகாட்டியோடு போகும் நடைக்குக் கட்டணம் உண்டு. அந்தப் பணத்தைத் தயங்காமல் கொடுங்கள். கண்ணுக்குப் பழக்கம் வருவதுதான் இதில் பாதி வேலை.

பிறகு பாறையை விட்டு விலகி, நீரோரம் பொடிக் கற்கள் ஒதுங்கியிருக்கும் இடத்தில் குந்தி உட்காரச் சொல்லுங்கள். பொன்னிறத்தில் மின்னும் சுருள் தென்பட்டால் அது பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் படிந்த அம்மோனைட், அதாவது அழிந்துபோன ஒரு கடலுயிரியின் சுருள் ஓடு. பெரும்பாலும் சின்னக் காசு அளவுதான் இருக்கும். துப்பாக்கித் தோட்டாவின் வடிவில் நீண்டு கிடப்பது பெலம்னைட், கணவாயின் பழைய உறவு. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஈரமே இல்லாமல் காயவிடுங்கள். இல்லையென்றால் பைரைட் நாளடைவில் பொடியாக உதிர்ந்துவிடும்.

எடுத்துப்போவது சரியா என்று பலர் தயங்குகிறார்கள். கரையில் உதிர்ந்து கிடப்பதை எடுக்கலாம். யாரும் எடுக்காவிட்டால் அடுத்த புயலில் அலை அதை அரைத்து மணலாக்கிவிடும். பாறையைத் தோண்டத்தான் கூடாது. எலும்பு போலவோ அபூர்வமாகவோ எதுவும் கிடைத்தால் மையத்தில் காட்டிப் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கரை சுண்ணாம்புக்கல்லும் களிமண்பாறையும் மாறி மாறி அடுக்கப்பட்டது. மழைநீர் இறங்கி ஊறியதும் களிமண் வழுக்கிச் சரிகிறது. மகனுக்குப் புதைபடிவம் கிடைப்பதும் அந்தச் சரிவால்தான். ஆபத்தும் அதே சரிவுதான். செங்குத்துப் பாறைக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். சேறு வழிந்து கிடக்கும் இடத்தில் ஏறாதீர்கள். மேலே காய்ந்தது போலத் தெரியும், கால் வைத்தால் உள்ளே வாங்கிக்கொள்ளும். நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது கிளம்பி, அது திரும்பி ஏறத் தொடங்கும் முன் வந்துவிடுங்கள். அப்படியும் யாராவது மாட்டிக்கொண்டால் 999ஐ அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேட்க வேண்டும்.

படங்களில் பார்த்த அம்மோனைட், எங்கள் பாட்டி பூஜையில் வைத்திருந்த சாளக்கிராமம் போலவே இருக்கிறதே? – கோவை வாசகி

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள், அம்மா. சாளக்கிராமத்தின் சக்கரம் அம்மோனைட்டின் தடம்தான். இமயம் எழுவதற்கு முன் அங்கே கிடந்த கடலின் அடியில் படிந்தவை, இன்று நேபாளத்தின் கண்டகி ஆற்றில் உருண்டு வருகின்றன. லைமில் கிடைப்பவை அவற்றைவிட மூத்தவை. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுப் பழமை. நம் அரியலூரில் கிடைக்கும் அம்மோனைட்டுகள் இரண்டுக்கும் இளையவை. அங்கே வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. கோவையிலிருந்து அதையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

லைமுக்கு வந்தால் துறைமுகத்துக்கு மேற்கே மன்மத் கடற்கரையில் நடந்து போங்கள். நீர் நன்றாக வற்றும்போது ஒரு பாறைத்தளம் வெளிப்படும். அதன் மேல் பெரிய பெரிய அம்மோனைட்டுகள் நூற்றுக்கணக்கில் பதிந்திருக்கின்றன. சில, தாம்பாள அகலம். அவற்றைப் பார்க்கலாம், தொடலாம், பெயர்க்கக் கூடாது. இந்த ஊரில் ஒன்றை மட்டும்தான் பார்க்க நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அந்தக் கடற்கரைக்குப் பெயர் வந்த மன்மத் கோமகன், அரசரை எதிர்த்து 1685 ஜூனில் படையோடு வந்து இறங்கியது இங்கேதான். கலகம் தோற்ற பிறகு பன்னிரண்டு பேரை இதே கரையில் தூக்கிலிட்டார்கள்.

புதைபடிவங்களைத் தேடிக் கண்டெடுத்த மேரி ஆனிங் பற்றிப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். அவர் தொடர்பாக என்ன பார்க்கலாம்? – ஹாரோ ஆசிரியை

அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். அது நிற்பதே அவர் பிறந்த வீடு இருந்த மனையில். 1799இல் பிறந்தவர். தச்சரான தந்தை 1810இல் கடனை வைத்துவிட்டு இறந்தார். கரையில் பொறுக்கிய கற்களைப் பயணிகளுக்கு விற்றுத்தான் குடும்பம் பிழைத்தது. அண்ணன் ஜோசப் 1811இல் ஒரு மண்டையோட்டைக் கண்டார். அதன் உடலை அடுத்த ஆண்டு தேடிக் கண்டபோது மேரிக்கு வயது 12 அல்லது 13. அது இக்தியோசார், மீனைப் போன்ற கடல் ஊர்வன. 1823இல் நீண்ட கழுத்துள்ள இன்னொரு கடல் ஊர்வனவான பிளீசியோசாரை முழுதாகக் கண்டெடுத்தார். 1833இல் ஒரு சரிவில் அவருடைய நாய் டிரே கண்ணெதிரே மண்ணில் புதைந்தது. நூலிழையில் தப்பிய அவர் அதன் பிறகும் அதே கரைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

மேரி கண்டெடுத்தவற்றை ஆராய்ந்து எழுதிய ஆண்கள் பலர் லண்டன் புவியியல் கழகத்தில் புகழ்பெற்றார்கள். பெண்களை அந்தக் கழகம் உறுப்பினராக ஏற்றது 1919இல்தான்; மேரி 1847லேயே இறந்துவிட்டார். கடலை நோக்கிய புனித மைக்கேல் தேவாலயத்தில் அவர் கல்லறையும், அவர் நினைவாகக் கழக உறுப்பினர்கள் பணம் தந்து வைத்த வண்ணக் கண்ணாடிச் சாளரமும் உள்ளன. அந்தத் தேவாலயத்துக்கு உங்கள் மாணவிகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். 2022இல் நிறுவிய சிலையையும் காட்டுங்கள்: கையில் சுத்தியல், அருகில் டிரே. அந்தச் சிலைக்கான இயக்கத்தைத் தொடங்கியது ஒரு பள்ளிச் சிறுமி என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். இருவருக்கும் முழங்கால் வலி. அழைத்து வரலாமா, அண்ணா? – ரீடிங் வாசகர்

வாருங்கள், தம்பி. ஊரே சரிவில் இருப்பதால் பெற்றோரைக் கீழே கடலோரம் இறக்கிவிட்டுப் பிறகு காரை நிறுத்தப் போங்கள். மெரைன் பரேடு சமதளம். துறைமுகம் வரை மெதுவாக நடக்கலாம், உட்கார இடமும் உண்டு. காப் எனப்படும் பழைய அலைதடுப்புச் சுவரின் மேல்தளம் கடல் பக்கம் சாய்ந்திருக்கும், கைப்பிடி கிடையாது. அவர்களுக்கு அது வேண்டாம். துறைமுகத்தை ஒட்டிய கீழ்ப்பாதை போதும்.

பக்கத்து சீட்டனிலிருந்து கோலிட்டன் வரை ஐந்து கிலோமீட்டர் ஓடும் சிறிய டிராமில் அவர்களை ஏற்றிவிடுங்கள். ஆக்ஸ் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டியே போகும்; உட்கார்ந்தபடியே நீர்ப்பறவைகளைப் பார்க்கலாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? – மில்டன் கீன்ஸ் வாசகி

கிடைக்கும். சிப்ஸ் வாங்குமுன் மட்டும் எண்ணெயைக் கேளுங்கள். மீன் பொரித்த சட்டியிலோ மாட்டுக் கொழுப்பிலோ பொரிக்கும் கடைகள் உண்டு. வெளியே தின்றால் கடற்புறா கையிலிருந்தே பறித்துவிடும், சுவரோரமாக நில்லுங்கள். லிம் ஆற்றங்கரையில் தொண்டர்கள் மீட்டெடுத்த பழைய தண்ணீர் ஆலை இன்றும் மாவு அரைக்கிறது. அதையும் பாருங்கள்.

கடலில் குளிக்கலாமா? – அதே வாசகி

காப் சுவர் காக்கும் மணற்கரையில் அலை குறைவு; குழந்தைகளுக்கு நல்லது. ஆகஸ்டிலும் தண்ணீர் நமக்குக் குளிர்தான்.

நீண்ட தூரம் நடக்க விரும்புகிறோம். எந்த வழி? – பர்மிங்காம் நண்பர்கள்

மேற்கே சீட்டன் வரை அண்டர்கிளிஃப் காடு. சுமார் 11 கிலோமீட்டர். தூரத்தை வைத்து எளிது என்று எண்ணாதீர்கள், ஏறி இறங்க நான்கு மணி நேரம் ஆகும். நடுவில் சாலையும் இல்லை, கடையும் இல்லை. 1839 கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கே வயல்களோடு ஒரு பெரும் நிலத்துண்டு கடலை நோக்கி நகர்ந்தது. அதன் மேல் நின்ற கோதுமையை அடுத்த ஆண்டு அறுவடை செய்ததைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். அப்படிச் சரிந்த நிலத்தில் உழவு நின்று, தானாக வளர்ந்த காடுதான் இது.

கடலும் வானமும் விரிந்து தெரிய வேண்டும் என்றால் கிழக்கே 191 மீட்டர் உயரமுள்ள கோல்டன் கேப் இருக்கிறது. இங்கிலாந்தின் தென்கரையில் அதுவே உயரமான இடம். அதன் அடிவாரத்தில் உள்ள சீட்டவுனிலிருந்து ஏறுங்கள் (சீட்டன் வேறு ஊர்). சரிவுகளால் பாதைகளை அடிக்கடி திருப்பிவிடுகிறார்கள். பழைய வரைபடத்தை நம்பாமல் வழியில் வைத்திருக்கும் பலகையைப் பின்பற்றுங்கள். அண்டர்கிளிஃப் போனால் சீட்டனிலிருந்து லைமுக்குத் திரும்பும் கடைசி பஸ் எப்போது என்று காலையிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.