வீட்டில் கட்டும் சிறு விமானத்தின் கருவிப் பலகைக்கு, விமானத் துறையில் படிக்காத ஒருவர் வயரிங் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் "விமானத் துறையில் படிக்காத ஒருவர்" என்று நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து என் பதில் மாறும். வீட்டுக்கு வயரிங் செய்கிறவரா, காருக்குச் செய்கிறவரா, என்னைப் போல மீன்பிடிப் படகுகளுக்குக் கம்பி இழுத்தே தலை நரைத்தவரா? மூவரும் மூன்று விதமாகத் தவறு செய்வார்கள். இங்கே ஏற்கெனவே பதில் எழுதிய ஒருவர், "படகுக்காரனையும் லாரிக்காரனையும் அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள்" என்று அறிவுரை சொல்லியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் குளச்சலைச் சேர்ந்தவன். கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், வயர்லெஸ் ஆகியவற்றைப் படகுகளில் பொருத்துவதுதான் என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாவட்டத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் சேர்ந்து இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றைக் கட்டினார்கள். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்த உடல், அதன் மேல் துணி, பழையதாக வாங்கிய ரோட்டக்ஸ் 582 எஞ்சின். பாதியில் நின்றுபோன அதன் கருவிப் பலகை வேலையை முடித்துத் தர என்னை அழைத்தார்கள்.

அந்த விமானம் பறக்கவில்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன். எஞ்சினை ஓட்டி மைதானத்தில் உருட்டிக் காட்டுவது மட்டுமே திட்டமாக இருந்தது. பறப்பதென்றால் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் பதிவும் அனுமதியும் வேண்டும். மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ், தாமே விமானியாக இருந்தும், நெடுநாள் காத்திருந்து 2017இல்தான் பதிவு பெற்றார். "பறக்காத விமானத்துக்கு வயரிங் செய்தவன் பேசலாமா?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சக்கரம் தரையில் இருக்கிறதா, ஆகாயத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மின்சாரம் ஓடுவதில்லை.

நீங்கள் பலகையில் வட்டங்களை வெட்டி, கருவிகளைப் பொருத்தி அழகு பார்த்துவிட்டு, பின்பக்கம் திரும்பியதும் மலைத்துப்போய் இந்தக் கேள்வியை எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முள் வைத்த பழைய வகைக் கருவிகள் என்றால் பாதி மலைப்பை இப்போதே இறக்கி வைக்கலாம். வேகமானியும் உயரமானியும் காற்றழுத்தத்தில் இயங்குபவை. அவற்றுக்குக் குழாய்தான் போகிறது, கம்பி போவதில்லை. மின்சாரம் கேட்பவை எஞ்சின் கருவிகளும் ரேடியோவும் விளக்குகளும்தான். தொல்லையும் அங்கேதான் இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது மாணவர்களுக்கு ஒரு நோய் பிடிபடாமல் இருந்தது. எஞ்சின் ஓடும்போது தண்ணீரின் வெப்பத்தைக் காட்டும் முள் ஒழுங்காக நிற்கும். முன்விளக்கைப் போட்டவுடன் ஒரே கணத்தில் இருபது டிகிரி ஏறும். விளக்கை அணைத்தால் இறங்கிவிடும். தண்ணீர் அப்படி ஒரு கணத்தில் சூடாகி ஒரு கணத்தில் ஆறாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கருவியில்தான் கோளாறு என்று முடிவுசெய்து புதிதாக ஒன்று வாங்கி மாட்டியிருந்தார்கள். அதுவும் அப்படியே ஆடியது.

படகு வேலை செய்தவனுக்கு இது புதிதல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எங்கள் கடற்கரையை வீடுவீடாக அழவைத்துவிட்டுப் போன பிறகு, வயர்லெஸ் சரியாக எட்டவில்லை என்று என்னிடம் வந்த படகுகளில் பெரும்பாலானவற்றில் செட்டுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. நெகட்டிவ் இணைப்பில்தான் களிம்பு ஏறியிருந்தது. ஃபைபர் படகில் உலோக உடல் கிடையாது. பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் திரும்பி வருவதற்கும் நாமே ஒரு கம்பி போட்டாக வேண்டும். அதனால் எங்களுக்குத் திரும்பும் வழியைப் பற்றிய கவலை எப்போதும் உண்டு. கார் வேலை செய்தவர், வண்டியின் உடலையே நெகட்டிவாக நம்பிப் பழகியவர். மாணவர்களும் அப்படித்தான் ஒவ்வொரு கருவியின் நெகட்டிவையும் அருகில் கண்ட இரும்புக் குழாயில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் சுரண்டப்படவில்லை.

முன்விளக்கு 55 வாட் கார் பல்ப். 12 வோல்ட்டில் அது நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த மின்சாரம், கருவிகளும் பங்குபோட்டுக்கொண்ட அதே போல்ட் வழியாகத் திரும்புகிறது. அந்த இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், ஏறக்குறைய அரை வோல்ட் அங்கே தங்கிவிடும். வெப்ப உணரியோ எஞ்சின் உடலையே தன் நெகட்டிவாகக் கொண்டது. கருவியின் நெகட்டிவ் ஓர் இடத்தில், உணரியின் நெகட்டிவ் வேறு இடத்தில், இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட் என்றால், முள் அதையும் வெப்பமாகவே எண்ணிக்கொள்ளும். பலகைக்குப் பின்னால் ஒரு பித்தளைப் பட்டையைப் பொருத்தி, எல்லா நெகட்டிவ்களையும் அதில் தனித்தனியாகச் சேர்த்து, பட்டையிலிருந்து பேட்டரிக்கு ஒரு தடித்த கேபிளும், பேட்டரியிலிருந்து எஞ்சின் உடலுக்கு இன்னொரு தடித்த கேபிளும் போட்டேன். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்த இரண்டாவது கேபிள் மிக முக்கியம். அதன் பிறகு முள் ஆடவில்லை. கருவிக்குச் செலவழித்த பணம்தான் வீண்.

கம்பியைப் பொறுத்தவரை, வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பிவிசி கம்பியை உள்ளே விடாதீர்கள். அது தீப்பிடித்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். குறுகிய அறைக்குள் அதைச் சுவாசித்துக்கொண்டு எதையும் ஓட்ட முடியாது. விமானத்துக்கென்று விற்கும் டெஃப்செல் உறைக் கம்பி 150 டிகிரி வரை தாங்கும். உள்ளிருக்கும் செம்பு இழைகளுக்கு வெள்ளீயப் பூச்சும் உண்டு. எங்கள் ஊர் உப்புக் காற்றில் பூச்சில்லாத செம்பு உறைக்குள்ளேயே கறுத்துப்போவதை நான் எத்தனையோ முறை உரித்துப் பார்த்திருக்கிறேன். விலை அதிகம்தான், பெங்களூரிலிருந்து வரவழைத்தோம். நுனிகளுக்கு ஈயம் வைக்காமல், லக் எனும் உலோக முனையை மாட்டி, ராட்செட் உள்ள கிரிம்பிங் பிளையரால் நசுக்கி இறுக்குங்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி இறுகிவிடும். அது நிற்கிற இடத்தில் அதிர்வில் கம்பி முறியும்.

இனி என் தவறு. சைலன்சர் வாயுவின் வெப்பத்தைக் காட்டும் கருவிக்கு உணரியிலிருந்து வரும் கம்பி நீளம் போதவில்லை. நான் வழக்கம்போல எஞ்சின் அருகிலேயே செம்புக் கம்பியை இணைத்து நீட்டிவிட்டேன். தூத்தூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது செம்பு இல்லை, குரோமல், அலுமல் என்ற இரண்டு கலப்பு உலோகங்கள். நடுவில் செம்பை இணைத்தால் இணைத்த இடமும் கணக்கில் சேர்ந்துவிடும்" என்றாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் சொன்னதே சரி. அந்த இரு உலோகங்களும் சேருமிடத்தில் ஒரு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட் உண்டாகிறது. கருவி அதைத்தான் அளக்கிறது. என் இணைப்பு 80 டிகிரிச் சூட்டிலும் கருவி 35 டிகிரியிலும் இருந்தால், வாயுவின் வெப்பம் 45 டிகிரி குறைவாகத் தெரியும். இந்த எஞ்சினில் அந்த வாயு 600 டிகிரியை ஒட்டியே ஓடுவது. முள் குறைத்துக் காட்டினால் ஓட்டுபவர் நிம்மதியாக இருப்பார், பிஸ்டன் இருக்காது. அதே வகைக் கம்பியை வாங்கிக் கருவி வரைக்கும் போட்ட பிறகே நாங்கள் எஞ்சினை மறுபடி ஓட்டினோம். அவளுடைய பாடப்புத்தகத்தில் இருந்தது என் இத்தனை வருடப் படகு வேலையில் ஒருமுறைகூட எதிர்ப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதலில் சொன்ன அந்த அறிவுரைக்காரர் இதை எடுத்துக்காட்டிப் பேசலாம். ஆனால் போல்ட்டைச் சுரண்டிப் பார்க்கத் தோன்றியது எனக்குத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

வீட்டு வயரிங் பழகியவர் வழுக்கி விழும் இடம், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷனின் சுவிட்ச். வீட்டில் கம்பி அறுந்தால் விளக்கு அணையும். இங்கே இக்னிஷனை நிறுத்துவதே சுவிட்சுக்குப் போகும் கம்பியை எஞ்சின் உடலோடு சேர்ப்பதால்தான். ஆகவே கம்பி அறுந்தாலோ லக் கழன்றாலோ இக்னிஷன் உயிரோடு இருக்கும். சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதென்று நம்பி யாராவது புரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் எஞ்சின் பற்றிக்கொள்ளலாம். அவுட்போர்டு எஞ்சின் வள்ளங்களில் வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். இந்த எஞ்சினில் இரண்டு இக்னிஷன்கள் இருப்பதால் இரண்டையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்க வேண்டும். திசைகாட்டிக்கு அருகே போகும் விளக்குக் கம்பிகளில் பாசிட்டிவையும் நெகட்டிவையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள்; இல்லாவிட்டால் விளக்கைப் போட்டதும் திசை நகரும்.

ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் எண் போட்ட ஸ்லீவ் மாட்டி, எந்த எண் எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். காட்சி நாளன்று வைத்த நன்றிப் பலகையில் வாழைக்குலை கொடுத்தவர் பெயர் வரைக்கும் இருந்தது, என் பெயர் இல்லை. லக்கும் ஸ்லீவும் வாங்கிய பில் இன்னும் பணம் வராமல் கல்லூரி அலுவலகத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் கழித்து, நோட்டைத் தொலைத்துவிட்டோம், பதினேழாம் எண் எங்கே போகிறது என்று கேட்டு எனக்குத்தான் போன் வந்தது. எரிபொருள் அளவுமானிக்கு என்று சொன்னேன். உங்கள் நோட்டுக்கு இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

உங்கள் எஞ்சின் என்ன, உடல் இரும்புக் குழாயா, மரமா, ஃபைபரா என்று கேள்வியில் இல்லை. அதை எழுதினால், பித்தளைப் பட்டையை எங்கே வைப்பது, கேபிள் எந்தத் தடிமன் என்று சொல்கிறேன்.