ப்ரீ-கேஜிக்கு வருடம் 97,500 ரூபாய்: கட்டலாமா, வேலையை விடலாமா?

கேள்வி: எங்களுக்கு நீலகிரியில் கட்டபெட்டு பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் கிராமம். நான் குன்னூரில் ஒரு ஓட்டலில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், ஆறு வருடமாக. பிடித்தம் போகக் கையில் 18,500 வருகிறது. கணவர் இரண்டு ஏக்கர் தேயிலை பார்க்கிறார், மாதாமாதம் ஒரே மாதிரி வருவதில்லை. மகளுக்கு இரண்டே முக்கால் வயது ஆகப்போகிறது, வரும் மே மாதம் மூன்று முடிகிறது. இதுவரை மாமியார்தான் பார்த்துக்கொண்டார். முழங்கால் வலி, ஜூனுக்கு மேல் நாள் முழுக்க ஓடி ஓடிப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். குன்னூரில் ஒரு பிளே ஸ்கூலில் விசாரித்தோம். காலை 9.30 முதல் 12.30 வரை ப்ரீ-கேஜி. வருடக் கட்டணம் 38,000, அட்மிஷன் 8,000, யூனிஃபார்ம் புத்தகம் 4,500. வேன் வேண்டுமென்றால் மாதம் 1,800. மாலை 5.30 வரை டே கேர் சேர்த்தால் மாதம் 3,500 கூட, ஏப்ரல், மே விடுமுறையில் மட்டும் மாதம் 6,000. கட்டணத்தை வட்டியில்லாத இஎம்ஐ-யில் கட்டலாம் என்கிறார்கள், ப்ரீ-கேஜி படிக்காவிட்டால் எல்கேஜி சீட் கஷ்டம் என்றும் சொல்கிறார்கள். என் சம்பளத்தில் பாதி இதற்கே போகும், அதற்கு வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கலாமே என்கிறார் கணவர். ஊரில் அங்கன்வாடி இருக்கிறது, அங்கே சோறு போட்டுத் தூங்க வைப்பார்கள், அவ்வளவுதான் என்கிறார். சொந்தக்காரர் ஒருவர் குழந்தை பேரில் வருடம் 30,000 கட்டும் இன்சூரன்ஸ் பாலிசி போடச் சொல்லி விடாமல் வருகிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வேலையை விடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

"சம்பளத்தில் பாதி இதற்கே போகும்" என்ற கணக்கைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும், குழந்தைச் செலவு எப்போதும் ஏன் அம்மாவின் சம்பளத்திலிருந்து மட்டும் கழிக்கப்படுகிறது என்று. குழந்தை இரண்டு பேருக்கும்தானே. சரி, உங்கள் கணவர் போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். டே கேரோடு சேர்த்து முதல் வருடம் 97,500, மாதத்துக்கு 8,125. உங்கள் 18,500-ல் பஸ், மதியச் சாப்பாடு என்று 2,000 போனால் 16,500. அதில் 8,125 கழித்தால் மீதி 8,375. இதற்காகவா தினமும் பஸ்ஸில் தொங்குவது என்று தோன்றும், நியாயம்தான். ஆனால் அந்தக் கணக்கில் வராதவை சில இருக்கின்றன. உங்கள் பேசிக் 13,000 வாக்கில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், பிஎஃப்பில் உங்கள் பங்கு 1,560, நிர்வாகத்தின் பங்கு அதே 1,560, வருடத்துக்கு 37,000-க்கு மேல். அதில் ஒரு பகுதி பென்ஷன் கணக்குக்குப் போகிறது. பத்து வருடம் சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன் வரும். நீங்கள் ஆறு முடித்துவிட்டீர்கள். இன்னும் நாலு வருடம் இருக்கும்போது யாராவது இறங்குவார்களா?

அப்புறம் ஈஎஸ்ஐ, தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான் அது, உங்களுக்குப் பிடித்தமே மாதம் 150 ரூபாய் வாக்கில்தான் இருக்கும், சம்பளச் சீட்டைப் பாருங்கள். அந்த 150 ரூபாய்க்கு மகளுக்கும் வைத்தியம் உண்டு, கணவருக்கும் உங்கள் கார்டிலேயே உண்டு. தேயிலைக்கு ஈஎஸ்ஐ கிடையாது. வேலையை விட்டு அந்த வைத்தியமும் நின்றபின் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் 97,500 எல்லாம் சின்னத் தொகையாகத் தெரியும்.

இனி பிளே ஸ்கூல். ஒரு நல்ல நர்சரி இரண்டு பொருளை விற்கிறது, ரேட் அட்டையில் இரண்டையும் கலந்து போட்டிருப்பார்கள். ஒன்று குழந்தைக்கானது: மற்ற பிள்ளைகளோடு பழகுவது, பொம்மையை விட்டுக்கொடுப்பது, கதை கேட்பது, தானாகப் பாத்ரூம் போகப் பழகுவது, அனுபவமுள்ள ஒரு டீச்சரின் கண்ணில் தினமும் படுவது. கடைசியில் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பேச்சு தாமதமாவதையும் காது சரியாகக் கேட்காததையும் வீட்டில் நாம் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவோம், இருபது பிள்ளைகளைப் பார்ப்பவர் சீக்கிரம் பிடித்துவிடுவார். இரண்டாவது பொருள் பெற்றோருக்கானது: நேரம். நீங்கள் ஓட்டலில் இருக்கும் நேரம் முழுக்க குழந்தை பத்திரமாக ஓர் இடத்தில் இருப்பது. உங்களுக்கு இப்போது அவசரமாக வேண்டியது இந்த இரண்டாவதுதான். ஏனென்றால் பிரச்சினை ஆரம்பித்ததே மாமியாரின் முழங்காலில்.

இந்தக் கண்ணோடு 12.30-க்கு முடியும் வகுப்பைப் பாருங்கள். வேனோடு சேர்த்து 68,500 ஆகிறது, பத்து மாத வேன் 18,000. குழந்தை ஒரு மணிக்கு மேல் தூங்கி வழிந்துகொண்டு கட்டபெட்டுக்கு வந்து இறங்கும், அதற்கப்புறம் மாலை வரை பார்ப்பது யார்? மறுபடியும் மாமியார்தான். 68,500 கொடுத்தும் அவருக்கு காலையில் மூன்று நாலு மணி நேரம்தான் ஓய்வு. டே கேரோடு 97,500 என்றால் வேன் வேண்டாம், குழந்தை உங்களோடு வந்து உங்களோடு திரும்பும். வித்தியாசம் 29,000 ரூபாய். அதற்கு மதியம் ஐந்து மணி நேரம் கிடைக்கிறது, வருடத்துக்கு 200 நாள் என்றாலே ஆயிரம் மணி நேரம், மணிக்கு முப்பது ரூபாய்கூட வரவில்லை, ஏப்ரல், மே தனி. ஆகவே பிளே ஸ்கூல்தான் என்று முடிவானால் முழுநாளாக வாங்குங்கள். அரைநாள் வகுப்பு உங்களுக்கு ஆகாது, வீட்டில் ஆள் இருக்கும் குடும்பங்களுக்கு அது சரியாக இருக்கலாம்.

ஆனால் பணம் கட்டுமுன் அவர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை உண்டு, சமவெளியில் யாரும் கேட்க மாட்டார்கள், மலையில் கேட்டே ஆக வேண்டும். மழைக்கு கலெக்டர் லீவு விட்டால் டே கேர் திறந்திருக்குமா? அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரிந்து ரோடு அடைபடும், பள்ளிகளுக்கு லீவு, ஓட்டலுக்கு லீவு கிடையாது. அதேபோல் மே மாதம். ஊட்டியில் மலர்க் கண்காட்சி, மலை முழுக்க வண்டி, உங்கள் ஓட்டலில் ஒருநாள் லீவு கேட்க முடியாது, அந்த மாதத்தில்தான் பிளே ஸ்கூலும் பூட்டும். உங்களுக்கு டே கேர் மிக அவசியமான மாதம் அதுதான், அந்த 6,000 என்ன நேரத்துக்கு, யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். ஒரு ஆயா பதினைந்து பிள்ளைகளை மேய்ப்பார் என்றால் வேண்டாம்.

மழைநாளில் ஒருமுறை சொல்லாமல் போய்ப் பாருங்கள். நனைந்த ஸ்வெட்டரையும் சாக்ஸையும் எங்கே காயப்போடுகிறார்கள், பிள்ளைகள் உட்காரும் இடம் வெறும் சிமெண்ட் தரையா அல்லது மேலே கனமான பாய் இருக்கிறதா, கைகழுவ வெந்நீர் வருகிறதா, பாத்ரூம் பீங்கான் குழந்தை உயரத்துக்கு இருக்கிறதா. ஜனவரி உறைபனியில் ஈரச் சாக்ஸோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிள்ளைக்கு மறுநாள் சளி, உங்களுக்கு மறுநாள் லீவு. சுவரில் ஒட்டியிருக்கும் ஏ, பி, சி, டி-யைவிட இது முக்கியம். பள்ளிக்கு அரசு அனுமதி இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள், வாயால் சொன்னால் போதாது, சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், ஆனால் என் முதல் தேர்வு உங்கள் ஊர் அங்கன்வாடிதான். உங்கள் கணவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை. 1975-ல் அங்கன்வாடிகளை நடத்தும் ஐசிடிஎஸ் திட்டம் ஆரம்பித்தபோதே அதன் வேலைப் பட்டியலில் சாப்பாட்டோடு முன்பருவக் கல்வி, தடுப்பூசி, எடை பார்ப்பது, உடல் பரிசோதனை எல்லாம் இருந்தது. மதியச் சோறு, முட்டை, சத்துமாவு, பாட்டு, விளையாட்டு, ஒரு தூக்கம், எல்லாம் இலவசம். வீட்டிலிருந்து நடக்கிற தூரம், டீச்சருக்கு உங்கள் படுகு பேச்சு புரியும், மாமியார் மாலையில் மெதுவாக நடந்து போய்க் கூட்டிவந்தால் போதும். நீங்கள் வந்து சேரும்வரை இரண்டு மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு முழங்கால் இடம் கொடுக்கும். அதற்காக எல்லா அங்கன்வாடியும் நன்றாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பணியாளர் இடம் காலியாகி பக்கத்து ஊர்க்காரர் கூடுதலாகப் பார்க்கும் மையங்கள் உண்டு, அங்கே உங்கள் கணவர் சொன்னதுதான் நடக்கும். அதனால் ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். மாமியார் நாள் முழுக்கப் பார்க்க முடிகிற இந்த மாதங்களிலேயே அனுப்பிப் பாருங்கள், நீங்களும் லீவு நாள் பார்த்து இரண்டு காலை அங்கே போய் உட்காருங்கள். சரிப்படவில்லை என்றால் முழுநாள் டே கேருக்கு ஜூனில் போகலாம், ஒன்றும் நஷ்டமில்லை.

ப்ரீ-கேஜி இல்லாவிட்டால் எல்கேஜி சீட் கிடைக்காது என்பது வியாபாரப் பேச்சு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகளில் இலவசமாக ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்கு நம் மாநிலத்தில் நுழைவு வகுப்பே எல்கேஜிதான், ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்து நாலைத் தாண்டாமல் இருக்க வேண்டும். உங்கள் மகள் இந்த வருடம் சரியாகப் பொருந்துகிறாள். இந்த ஜூனில் ப்ரீ-கேஜியில் போட்டு அடுத்த வருடம் எல்கேஜி என்றால் நாலு தாண்டிவிடும், அந்த 25 சதவீதக் கதவு மூடிவிடும். இதை அந்தப் பள்ளியில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு வராது. வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சாதிச் சான்றிதழ் வைத்து விண்ணப்பிக்கலாம், அதற்கு வருமான வரம்பு இல்லை. சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் இப்போதே எடுத்து வையுங்கள், அறிவிப்பு வந்தபின் தாலுகா ஆபீசில் நிற்க நேரம் இருக்காது. ஒன்று, குன்னூரிலும் ஊட்டியிலும் பேர் பெற்ற பள்ளிகளில் சில சிறுபான்மை நிறுவனங்கள், அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. விண்ணப்பித்துக் கிடைத்தால் எல்கேஜி, கிடைக்காவிட்டால் இன்னொரு வருடம் அங்கன்வாடி, அப்புறம் பணம் கட்டி எல்கேஜி. குடி முழுகிப் போகாது.

உங்கள் ஓட்டலில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 50 அல்லது அதற்கு மேல் என்றால், 2017-ல் வந்த மகப்பேறு பலன் சட்டத் திருத்தத்திலிருந்தே குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை, அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்த்துவரவும் அனுமதி உண்டு. எஸ்டேட்டில் இலை பறிக்கும் பெண்களுக்கு 1951-ம் வருடச் சட்டத்திலேயே காப்பகம் எழுதப்பட்டுவிட்டது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு 66 வருடம் கழித்துதான் வந்தது. தனியாகப் போய்க் கேட்காதீர்கள். சின்னப் பிள்ளை உள்ள இரண்டு மூன்று பேர் சேர்ந்து, காப்பகம் கட்டச் சொல்லாமல், டே கேர் கட்டணத்தில் பாதி கொடுங்கள் என்று கேளுங்கள். மேனேஜருக்கு அதுதான் சுலபம்.

பணத்தை எப்படிச் சேர்ப்பது என்பதற்கு வருகிறேன். இலைப் பணத்தின் கஷ்டம் உங்களுக்குத் தெரியும், ஜனவரி முதல் மார்ச் வரை பனியிலும் வறட்சியிலும் இலை குறைவு, ஏப்ரலில் பறித்ததற்குப் பணம் அடுத்த மாதம்தான். பள்ளிக் கட்டணம் கேட்பதோ ஏப்ரல், மேயில். கை மிகவும் காலியாக இருக்கும் நேரத்தில் பெரிய தொகை, அதனால்தான் இஎம்ஐ இனிக்கிறது. அந்த இஎம்ஐ பெரும்பாலும் ஏதோ ஒரு நிதி நிறுவனத்தின் கடன், உங்கள் பேரில். குழந்தைக்கு ஒத்துவராமல் ஆகஸ்டில் நிறுத்தினாலும் தவணை நிற்காது. வேண்டாம். நகையும் பெட்டியிலேயே இருக்கட்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலை நன்றாக வரும் மாதங்களில் கணவர் பணத்திலிருந்து மாதம் 5,000, உங்கள் சம்பளத்திலிருந்து எல்லா மாதமும் 2,500 என்று எடுத்துத் தனிக் கணக்கில் போடுங்கள், உங்கள் பங்குக்கு மே மாதம் முதிரும்படி ஒரு வருட ஆர்டி போதும். வருடத்துக்கு 45,000 சேரும், எல்கேஜிக்கு அது பெரிய உதவி. மாமியாருக்கும் மாதம் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு கையில் கொடுங்கள். அவர் வாங்க மாட்டேன் என்பார், கொடுங்கள்.

வரிச் சலுகை பற்றிப் பாலிசிக்காரர் பேசியிருப்பார். பழைய வரிமுறையில் பிளே ஸ்கூல் டியூஷன் கட்டணத்தைக்கூட வரிக் கழிவுக்குக் காட்டலாம், உண்மைதான், ஆனால் உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது, பச்சைத் தேயிலை விற்ற பணம் விவசாய வருமானம். இல்லாத வரிக்கு எதற்குச் சலுகை? மகள் பேரில் போட வேண்டியது தபால் ஆபீசில் செல்வமகள் சேமிப்புத் திட்டம். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், 15 வருடம் கட்டினால் போதும், 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதமாக ஆனது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும். பதினெட்டு வயதில் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். மாதம் 500 என்று ஆரம்பியுங்கள். சொந்தக்காரர் அடுத்த தடவை வரும்போது பாஸ்புக்கை எடுத்து மேசையில் வைத்து, "பாப்பாவுக்குப் போட்டாச்சு அண்ணா, டீ சாப்பிடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.