வேட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள்

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் வயது 59. மலக்குடலின் அடியில், ஆசனவாயை ஒட்டிப் புற்றுநோய் இருப்பது பயாப்சியில் தெரிந்து, ரேடியேஷனும் கீமோ மாத்திரையும் முடிந்துவிட்டன. அடுத்த மாதம் மதுரையில் அறுவைச் சிகிச்சை. ஆசனவாயை மூடிவிட்டு, இடப்பக்க வயிற்றில் நிரந்தரமாக ஸ்டோமா என்ற திறப்பு வைத்து, மலம் ஒரு பையில் சேரும்படி செய்வார்களாம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். இங்கே பெரிய வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும். நோயைவிட அந்தப் பையின் நினைப்புதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. வேட்டி கட்ட முடியுமா? கோயிலுக்குள் போகலாமா? அடுத்த ஆண்டு என் அறுபதாம் கல்யாணத்தில் நாலு பேர் நடுவில் உட்கார முடியுமா? பங்காளிகளிடம் சொல்வதா, மறைப்பதா? ஆபரேஷனே வேண்டாம் என்று இருந்துவிடலாமா என்றும் தோன்றுகிறது.
– தேவகோட்டை வாசகர்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சிலருக்கு ரேடியேஷனிலும் கீமோவிலுமே கட்டி முழுவதும் கரைந்துபோவதுண்டு. அப்படிப்பட்டவர்களைக் கத்தி வைக்காமல் கண்காணிப்பில் வைத்திருக்கும் வழக்கமும் இருக்கிறது. ஆகவே, சிகிச்சைக்குப் பின் எடுத்த எம்.ஆர்.ஐ. என்ன சொல்கிறது என்று உங்கள் அறுவை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். கட்டி மிச்சமிருக்கிறது என்று அவர் சொன்னால், தள்ளிப்போடுவதால் பை வராமல் போகாது. கட்டி வளர்ந்து குடலை அடைத்துவிட்டால், நடு இரவில் அவசரமாக அதே ஸ்டோமாவை வைக்க நேரிடும். அப்போது இடம் பார்க்கவோ மனத்தைத் தயார் செய்யவோ யாருக்கும் பொழுதிருக்காது. உங்களுக்குச் செய்யவிருப்பது 1908இல் லண்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் விவரித்து, அதன் பின் நூறாண்டுக்கும் மேலாகப் பலர் கைபட்டுச் செம்மையான முறை.

வேட்டியைப் பற்றி நீங்கள் கேட்டதைச் சிறிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை. ஸ்டோமா எங்கே அமைய வேண்டும் என்பதை அறுவைக்கு முன்பே வயிற்றில் மையால் குறிப்பார்கள். படுத்திருக்கும்போது மட்டும் பார்த்துக் குறித்தால் போதாது. நிற்கும்போதும், நாற்காலியில் உட்காரும்போதும், குனியும்போதும் வயிறு எங்கே மடிகிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊர்க்காரருக்கு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: பந்தியில் சம்மணம் போட்டு உட்காருவதும், குத்துக்காலிட்டு உட்காருவதும். அந்த இடம் மடிப்பிலும் விழக்கூடாது, வேட்டிக் கட்டிலும் பெல்ட்டிலும் அகப்படக்கூடாது, குனிந்து பார்த்தால் உங்கள் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அதனால் குறிக்கும் நாளில் வழக்கமாகக் கட்டும் வேட்டியை எடுத்துப்போய், கட்டிக் காட்டுங்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், குறியே இடாமல் வைத்த ஸ்டோமா சரியாக இடுப்பு மடிப்பில் விழுந்து, அந்த மனிதர் பை நிற்காமல் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். ‘யார், எப்போது குறிப்பீர்கள்?’ என்று நீங்களாகவே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அதே நாளில் வெறும் பை ஒன்றைக் கேட்டு வாங்கி, குறித்த இடத்தில் ஒட்டி, உள்ளே கால் டம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஒரு நாள் வீட்டில் நடமாடிப் பாருங்கள். சட்டையையும் வேட்டியையும் மீறி அது வெளியே தெரிகிறதா என்று உங்கள் மனைவியையே கேளுங்கள். ராத்திரியெல்லாம் கற்பனை செய்த பை, கையில் எடுத்துப் பார்த்தால் சிறியதாகத்தான் இருக்கும்.

ஸ்டோமா என்பது குடலின் நுனி. ஈரமாக, வாயின் உட்புறத்தைப் போலச் சிவந்திருக்கும், தொட்டால் வலிக்காது, துடைக்கும்போது துளி இரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் நாட்களில் வீங்கிப் பெரிதாகத் தெரிவது ஆறு முதல் எட்டு வாரத்தில் சுருங்கிவிடும் என்பதால், அதுவரை ஒவ்வொரு முறையும் அளந்து, பையைத் தோலோடு பிடித்துவைக்கும் ஒட்டுத்தகட்டை வெட்ட வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்வது நல்லது; கனம் கூடினால் ஒட்டு பிடுங்கிக்கொள்ளும். சுற்றியுள்ள தோலில் எண்ணெயோ பவுடரோ பட்டால் ஒட்டு நிற்காது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட வேண்டியதில்லை. எண்ணெய் அந்த இடத்துக்கு இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். சித்திரை வெயிலில் பையின் பிளாஸ்டிக் தோலில் பட்டு வியர்க்கும். பழைய நூல் சேலையில் ஓர் உறை தைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டையும் இப்போதே பார்த்து வையுங்கள். நம் பழைய வீடுகளில் படுப்பது ஒரு கட்டு, கழிப்பறை கொல்லைப்புறம். வயிற்றிலும் ஆசனவாய்ப் பக்கத்திலும் தையலோடு இரவில் வளவை, அதாவது நடு முற்றத்தை, கடந்து அவ்வளவு தூரம் நடப்பது சிரமம். முதல் சில மாதங்களுக்குக் கழிப்பறையை ஒட்டிய அறைக்குப் படுக்கையை மாற்றுங்கள். அங்கே நல்ல வெளிச்சமும், கண்ணாடியும், பை சாமான்கள் வைக்க ஓர் அலமாரியும் இருக்கட்டும். ஆசனவாய் இருந்த இடத்துக் காயம் ஆற வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். உட்கார மெத்தென்ற தலையணை நல்லது. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டாம். தண்ணீர்க் குடத்தையும் சமையல் அண்டாவையும், ஏன், முகப்புக் கதவைத் தள்ளித் திறக்கும் வேலையையும்கூட இரண்டு மாதம் பிறருக்கு விடுங்கள். அவசரப்பட்டுக் கனம் தூக்கினால் ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் வரலாம்.

புகை பிடிப்பவரானால் இன்றே நிறுத்துங்கள். இரத்தசோகை இருந்தால் அதற்கு மருந்து எடுங்கள், தினமும் நடங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால், அதை எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேருவதானால், அறுவைச் செலவோடு பைச் செலவும் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே விசாரியுங்கள்.

இனி, நீங்கள் எழுதத் தயங்கியிருக்கக்கூடிய ஒன்று. இந்த அறுவை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் சிறுநீருக்கும் தாம்பத்திய உறவுக்கும் உரிய நரம்புகள் ஓடுகின்றன, அவை பாதிக்கப்படலாம். அதைப் பற்றி அறுவைக்கு முன்பே, மனைவியையும் உடன் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ஆனால் பையைப் பார்க்கும் வேலை முழுவதையும் மனைவி தலையில் போடாதீர்கள். எல்லாவற்றையும் ஆச்சியே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடும் ஆண்களுக்குப் பை கடைசிவரை அந்நியமாகவே இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து கிளம்புவதற்குள் உங்கள் கையால் இரண்டு முறையாவது மாற்றிப் பாருங்கள்.

கோயிலுக்குத் தாராளமாகப் போங்கள். பைக்குள் இருப்பது, சாமி கும்பிட வரும் ஒவ்வொருவர் வயிற்றிலும் இருப்பதுதான். நன்றாக ஒட்டிய பையிலிருந்து வாடை வராது. காற்று மட்டும் நம்மைக் கேட்டுக்கொண்டு வெளியேறாது; ஓசை எழுந்தால் முன்கையால் மெல்ல அழுத்திக்கொள்ளலாம். மணையில் உட்காரும் நாளில் புறப்படுமுன் பையைக் காலி செய்துவிட்டு, மாற்றுப் பை ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பங்காளிகள் எல்லாரிடமும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் பிள்ளைகள் இருவருக்கும், உள்ளூரில் கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய ஒருவருக்கும் தெரிந்திருக்கட்டும். மற்றவர்களுக்கு ‘குடலில் ஆபரேஷன்’ என்ற அளவு போதும். எல்லாரையும்விட, ஏற்கெனவே பையோடு வாழும் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுவது உதவும். மருத்துவமனை நர்ஸிடம் கேட்டால் அறிமுகம் செய்து வைப்பார்.

கேள்வி: என் மாமியாருக்குச் சிறுகுடலில் தற்காலிக ஸ்டோமா வைத்திருக்கிறார்கள். பை அடிக்கடி நிறைவதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். சரியா?
– பள்ளத்தூர் வாசகி

பதில்: தவறு. பெருங்குடலில் உறிஞ்சப்பட வேண்டிய நீரும் உப்பும் இப்போது நேராக வெளியேறுவதால், குடிப்பதைக் குறைத்தால் உடல் வறண்டு சிறுநீரகம் பாதிக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிராமல் ஓ.ஆர்.எஸ். கரைசலும், உப்பிட்ட கஞ்சியும் மோரும் கொடுங்கள்; இருதய நோயோ சிறுநீரக நோயோ இருந்தால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். வாழைத்தண்டு, முருங்கைக்காய், மக்காச்சோளம், தேங்காய்ச் சில் ஆகியவை ஸ்டோமாவை அடைத்துக்கொள்ளக் கூடியவை. முதல் ஆறு வாரம் தவிர்த்து, பிறகு கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகி எழுந்தால் தலை சுற்றினாலோ, பல மணி நேரம் பைக்கு எதுவும் வராமல் வயிறு முறுக்கி வாந்தி எடுத்தாலோ, விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.