கணவரோடு ஏரியில் ஒரு கோடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். மூத்த மகள் கனடாவில், டொரொண்டோவில் குடியிருக்கிறாள். வரும் ஜூன் முதல் ஹியூரன் ஏரியில் ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, இருவரும் அதிலேயே தங்கி, கரையோர ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரலாம் என்கிறார். “நீ சமையலைப் பார்த்துக்கொள், படகை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பது அவர் பேச்சு. எனக்கு நீந்தத் தெரியாது. முப்பது அடிப் படகுக்குள் மூன்று மாதம் எப்படிக் காலம் தள்ளுவது? நீங்களும் உங்கள் கணவரும் அங்கே இரண்டு கோடைகளைக் கழித்ததாக எழுதியிருந்தீர்கள். நான் சம்மதிக்கலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பயணத்துக்குத் தாராளமாகச் சம்மதியுங்கள், சகோதரி. அந்தப் பங்கீட்டுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

எங்கள் முதல் கோடையிலும் சுக்கான் என் கணவரிடம், அடுப்பு என்னிடம் என்றுதான் இருந்தது. ஹியூரன் ஏரியிலுள்ள மனிடூலின் தீவுக்கு வடக்கே ஒரு குடாவில், காலையில் நங்கூரச் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. காற்று வலுத்துக்கொண்டிருந்தது. அவர் படுத்தபடியே வழி சொல்ல, நான் இரண்டு மணி நேரம் படகை ஓட்டிப் பக்கத்து ஊரின் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தேன். படகுக்குப் பிரேக் கிடையாது, விசைக் கைப்பிடியைப் பின்னோக்கித் தள்ளி இயந்திரத்தை எதிர்த்திசையில் சுழல விட்டால்தான் நிற்கும் என்பதை, படகின் மூக்கு துறையின் மரக்கட்டையில் மோதிய பிறகே தெரிந்துகொண்டேன். கரையில் நின்ற முதியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். என் கணவருக்கு இடுப்பு சரியாகும்வரை ஒரு வாரம் அதே துறையில் கிடந்தோம். அந்த ஒரு வாரமும் நான் படகைக் கட்டவும் அவிழ்க்கவும் பழகினேன்.

நீங்கள் முதலில் கற்க வேண்டியதும் அதுதான். படகின் நடுப்பகுதியில் கயிறு கட்டும் இரும்புக் கொம்பு ஒன்று இருக்கும். துறையை ஒட்டி வந்ததும் அந்த நடுக்கயிற்றை முதலில் கரையில் மாட்டிவிட்டு, சுக்கானைக் கரைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, இயந்திரத்தை மெதுவாக முன்னோக்கி ஓடவிட்டால் படகு தானாகவே துறையோடு ஒட்டி நிற்கும்; மற்ற கயிறுகளை அவசரமின்றிக் கட்டிக்கொள்ளலாம். இதற்கு உடல் பலம் தேவையில்லை, வரிசை தெரிந்தால் போதும். தம்பதியருக்குள் சண்டை மூளுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இயந்திரச் சத்தத்தில் ஒருவர் கத்துவது மற்றவருக்குத் திட்டுவதுபோல் கேட்கும். நாங்கள் கைச்சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம்: மூடிய கை என்றால் நிறுத்து, விரித்த கை என்றால் மெதுவாக. அதன்பின் குரல் உயர்ந்ததில்லை.

ஏரி என்றதும் நம்மூர்க் குளத்தை நினைத்துவிடாதீர்கள். ஹியூரனின் பரப்பு ஏறத்தாழ 59,600 சதுர கிலோமீட்டர். தீபகற்ப மலேசியாவில் பாதிக்குச் சற்றுக் குறைவு. பினாங்கில் நாம் பார்க்கிற ஏற்றவற்றம் அங்கே இல்லையென்றே சொல்லலாம், உப்பும் இல்லை. ஆனால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும், ஜூன் மாதத்துத் தண்ணீர் மூச்சையே நிறுத்துமளவு குளிர்ந்திருக்கும். நீந்தத் தெரிந்தவரும் அதில் விழுந்தால் முதல் நிமிடத்தில் திணறிப்போவார். ஆகவே உயிர்காப்பு மேலங்கியைத் தளத்தில் கால் வைக்கும்போதெல்லாம் இருவரும் அணிந்திருங்கள். செப்டம்பர் நடுவிலேயே கரையேறிவிடுங்கள். அங்கே இலையுதிர்காலப் புயல் பொல்லாதது. 222 மீட்டர் நீளமுள்ள எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பலே 1975 நவம்பர் 10 அன்று பக்கத்திலுள்ள சுப்பீரியர் ஏரியில் 29 பேரோடு மூழ்கியது.

காலம் தள்ளுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். படகில் நாளை நடத்துவது கடிகாரமல்ல, தொட்டிகள்தாம். குடிநீர்த் தொட்டி வற்றினாலோ கழிவறைத் தொட்டி நிறைந்தாலோ துறைக்குப் போயே ஆக வேண்டும், ஏனெனில் கழிவை ஏரியில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். துறையில் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். குளியலும் துணி துவைப்பதும் கரையில் வைத்துக்கொண்டால் நல்லது. இப்படி மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏதாவதோர் ஊரில் இறங்க வேண்டியிருப்பதால், உள்ளே இடம் சிறிது என்ற எண்ணமே எங்களுக்கு மறந்துபோயிற்று.

அந்த ஊர்களுக்காகவே போகலாம். கில்லார்னி என்ற சிற்றூருக்கு 1962 வரை சாலையே கிடையாது. படகில் வந்தவர்கள்தான் அதற்கு விருந்தினர். இன்றும் ஊரின் முகம் தண்ணீரைப் பார்த்தே இருக்கிறது, அஞ்சல் நிலையத்துக்குப் போவதுபோல் மக்கள் துறைக்கு நடந்து வருகிறார்கள். மனிடூலின், உலகில் ஏரிக்குள் இருக்கும் தீவுகளிலேயே பெரியது. பினாங்குத் தீவைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல். அதன் வாசலான லிட்டில் கரண்டில், 1913இல் ரயிலுக்காகக் கட்டிய சுழல் பாலம் கோடையில் பகல் முழுதும் மணிக்கொரு முறை திறந்து படகுகளுக்கு வழிவிடுகிறது. கார்களும் லாரிகளும் நமக்காகக் காத்து நிற்க, பாலத்தைக் கடந்து போகும்போது ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்த்தது. அமெரிக்கப் பக்கத்தில் உள்ள மாக்கினா தீவில் 1898 முதல் மோட்டார் வண்டிகளுக்குத் தடை. குதிரை வண்டியும் சைக்கிளும்தான். ஆனால் அங்கே போக அமெரிக்க விசாவை இங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், கரை தொட்டவுடன் எல்லை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

புறப்படுமுன் இருவரும் கென்யிர் ஏரியில் ஒரு படகுவீட்டில் மூன்று இரவு தங்கிப் பாருங்கள். மகள் வீட்டுக்குப் போனதும், ஏரியில் இறங்குமுன், ஓர் ஆசிரியரை அமர்த்தி இருவரும் ஒன்றாகப் பயிலுங்கள். கணவர் துணையின்றி நீங்கள் ஒரு முறையாவது படகைத் துறையில் கட்டிய பிறகு கிளம்புங்கள். அதற்கு ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை.

கேள்வி: படகில் நம் சமையல் நடக்குமா? நாங்கள் சைவம்.
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: நன்றாகவே நடக்கும். சோற்றுக்குப் பூட்டுகிற மூடியுள்ள பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள். வேறு படகு கிளப்பிய அலையில் ஆடினாலும் கொதிநீர் சிந்தாது. பருப்பு, புளி, பெருங்காயம் எல்லாம் டொரொண்டோவிலேயே கிடைக்கும், சிற்றூர்களில் கிடைக்காது. தோசை மாவுதான் குளிரில் புளிக்க மறுத்தது. மாலையில் நங்கூரம் போட்டதும், இன்னும் சூடு ஆறாத இயந்திரத்தின் பெட்டிமேல் மாவுப் பாத்திரத்தை வைத்துக் கம்பளியால் போர்த்திவிடுவேன். காலையில் பசியாறப் பொங்கி வந்திருக்கும்.