நிவாரணத்தை நம்பி மூன்று வட்டிக்கு வாங்கலாமா?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் 4 ஏக்கர் சம்பா, இரண்டு சொந்தம், இரண்டு குத்தகை. மழையில் மூழ்கிப் பயிர் அழுகிவிட்டது, கணக்கெடுத்துப் போயிருக்கிறார்கள். நிவாரணம் வந்ததும் அடைத்துவிடலாம் என்று 80,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கி, அக்கா மகள் கல்யாணச் சீரும் செய்துவிட்டேன். போன வருஷமும் இப்படித்தான் சமாளித்தேன். இப்போது மச்சினர் நிவாரணத்தில் 10,000 கைமாற்று கேட்கிறார். வங்கியில் யூலிப் (முதலீடும் சேர்ந்த ஆயுள் காப்பீடு) போடச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: "போன வருஷமும் இப்படித்தான்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் கோளாறு. வராத பணத்தைக் காட்டிக் கடன் வாங்குகிறீர்கள்.

2024 பெஞ்சல் புயலுக்கு, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான இறவை நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தார்கள். இந்த முறை தொகை மாறலாம்; கணக்குக்கு அதையே வைப்போம். 4 ஏக்கர் என்பது 1.6 ஹெக்டேர், சுமார் 27,000. உங்கள் வட்டி, நூற்றுக்கு மூன்று வீதம், மாதம் 2,400, வருஷத்துக்கு 28,800. கணக்கெடுப்பு, அரசாணை, வரவு என்று ஆறு மாதம் இழுத்தாலே 14,400 வட்டிக்குப் போய்விடும். அசல் 80,000 அசையாது.

அந்த 27,000-உம் முழுசாக வருமா? குத்தகை நிலத்தின் அடங்கலில், அதாவது சாகுபடிப் பதிவேட்டில், உரிமையாளர் பெயர் இருந்தால், அந்த இரண்டு ஏக்கர் பணம் அவர் கணக்குக்குப் போகக்கூடும், உங்களுக்குப் பாதிதான். சாகுபடி செய்தது நீங்கள்தான் என்று வி.ஏ.ஓ. பதிவு செய்திருக்கிறாரா, சர்வே எண்ணும் உட்பிரிவும் சரியா என்று இந்த வாரமே பாருங்கள். பட்டியல் மேலே போனபின் திருத்துவது பெரும்பாடு.

கடனுக்கு வழி, வீட்டு நகை. 80,000-க்கு வங்கி நகைக்கடன் வட்டி பத்து சதவீதம் என்றே வைத்தாலும் வருஷம் 8,000. மூன்று வட்டிக்காரருக்கு மொத்தமாகக் கொடுத்து, எழுதிக்கொடுத்த புரோநோட்டைக் கையோடு வாங்கிவிடுங்கள். இருபதாயிரம் மிச்சம். நிவாரணம் எப்போது வந்தாலும் நகைக்கடன் அசலில் கட்டுங்கள்.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் உண்டா என்று எழுதவில்லை. இருந்தால் கெடு தேதியைப் பாருங்கள். தாண்டினால் வட்டியில்லாச் சலுகை போய்விடும். கட்ட முடியாதென்றால், தவணை நீட்டிப்பு கேட்டு அதற்கு முன்பே எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

பயிர்க் காப்பீட்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். மகசூல் இழப்பை ஊர் அளவில், அறுவடைப் பரிசோதனை வைத்துத்தான் பார்ப்பார்கள். உங்கள் வயல் மட்டும் அழுகியதற்கு அதில் பணம் வரும் என்று நம்பியிருக்க முடியாது. வந்தாலும் தாமதமாகத்தான்.

யூலிப்பா? ஐந்து வருஷத்துக்குக் கைவைக்க முடியாத பணம் அது. அடுத்த நடவுக்கே விதைநெல் வாங்கக் காசில்லாதவரிடம் அதை விற்க வருகிறவருக்கு ஒரு கும்பிடு போடுங்கள். மச்சினரிடம் பணம் கடனுக்குப் போகிறது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். வந்தபிறகு சொன்னால் மனஸ்தாபம்.

கடைசியாக, நிவாரணத்துக்குக் கடன் கணக்கு எண்ணைக் கொடுத்திருந்தால் மாற்றுங்கள். பணம் வந்த வேகத்தில் பாக்கிக்குப் பிடித்துக்கொள்வார்கள். நடப்பில் உள்ள சேமிப்புக் கணக்கு, ஆதாரில் உள்ளபடியே பெயர், உங்கள் வங்கி வேறு வங்கியோடு இணைந்திருந்தால் அதன்பின் மாறிய புதிய ஐ.எஃப்.எஸ்.சி. எண். இதில் ஒன்று தவறினாலும் தொகை திரும்பிப் போகக்கூடும்.