லூ கெரிக் கையெழுத்துப் பந்து: 600 டாலருக்கு வாங்கலாமா?

கேள்வி: நியூஜெர்ஸி எடிசனில் இருக்கிறோம். பன்னிரண்டு வயது மகனுக்கு பேஸ்பால் என்றால் உயிர். அவன் பிறந்தநாளுக்காக, பழைய பொருட்கள் விற்கும் சந்தையில் அந்தக் காலத்து நியூயார்க் யாங்கீஸ் நட்சத்திரம் லூ கெரிக் கையெழுத்துப் போட்ட பந்து ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 600 டாலர் சொல்கிறார்கள். நீல பால்பாயின்ட் மை. பந்தில் லீக் தலைவர் குரோனின் பெயர் அச்சாகியிருக்கிறது. முத்திரை குத்திய சான்றிதழும் தருகிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கையெழுத்தைப் பார்க்கவே தேவையில்லை, நீங்கள் எழுதியிருப்பதே போதும். கெரிக் இறந்தது 1941 ஜூனில். அமெரிக்கக் கடைகளுக்கு பால்பாயின்ட் பேனா விற்பனைக்கு வந்ததே 1945 அக்டோபரில்தான். அதோடு, கெரிக் ஆடிய அமெரிக்கன் லீக்கின் (மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) பந்துகளில் 1999 வரை அந்தந்தக் காலத்துத் தலைவரின் பெயர் இருந்தது. கெரிக் கடைசியாக ஆடிய வருடங்களில் தலைவர் வில் ஹாரிட்ஜ். ஜோ குரோனின் அந்தப் பதவிக்கு வந்தது 1959இல். கெரிக் போய்ச் சேர்ந்து 18 வருடம் கழித்தாவது செய்த பந்தில் அவர் எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார்?

சரி, பேனாவும் பந்தும் காலத்துக்குப் பொருந்தினால்? அப்போதும் அவசரப்படாதீர்கள். கையெழுத்தில்லாத பழைய பந்துகளைத் தேடிப் பிடித்து எழுதுகிறவர்கள் உண்டு. லென்ஸ் வைத்துப் பாருங்கள். தன் பெயரை ஆயிரம் தடவை எழுதிய கை சரசரவென்று ஓடும். பார்த்து எழுதுகிற கை தயங்கும். தயங்கிய இடத்தில் மை திட்டாக நிற்கும், கோடு லேசாக நடுங்கும்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். 1990களில் சான் டியேகோவில் போலிக் கையெழுத்து விற்பவர்களைப் பிடிக்க எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற வேட்டையைத் தொடங்கியது. பிடிபட்ட போலிகளில் அன்னை தெரசா 'கையெழுத்திட்ட' பேஸ்பாலும் இருந்தது! கையெழுத்தையே போலியாகப் போடத் தெரிந்தவனுக்கு ஒரு சான்றிதழ் அச்சடிப்பதா பெரிய வேலை? அந்த ஊர் பாட்ரஸ் அணியின் நட்சத்திரம் டோனி க்வின், தன் அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிகள் விற்பதைக் கண்டுபிடித்தார். சொந்தக் கடையிலேயே இந்தக் கதி என்றால் சந்தையைப் பற்றிக் கேட்கவா வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துத்தான் மேஜர் லீக் 2001இல் தன் சொந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வீரர் கையெழுத்துப் போடும்போது அங்கீகரிக்கப்பட்ட ஒருவர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் எண்ணிட்ட ஹாலோகிராம் ஸ்டிக்கர். அந்த எண்ணை லீக்கின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில பந்துகளுக்கு 'ஆட்டத்தில் பயன்படுத்தியது' என்பதற்கு மட்டும் ஸ்டிக்கர் இருக்கும். கையெழுத்து பிற்பாடு யாரோ போட்டதாக இருக்கலாம். எண்ணுக்கு நேரே என்ன பதிவாகியிருக்கிறது என்பதை வரி விடாமல் படியுங்கள்.

பழைய பந்துகளின் கையெழுத்தைப் பரிசோதித்துச் சொல்ல பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் சொல்வது நிபுணர் கருத்து, நேரில் பார்த்த சாட்சி அல்ல. ஆனாலும் விற்பவரே எழுதித் தரும் காகிதத்தைவிட அது எவ்வளவோ மேல்.

என்னைக் கேட்டால், அந்த 600 டாலரில் கொஞ்சத்தை எடுத்து உங்கள் பக்கத்து பிரிட்ஜ்வாட்டரில் சோமர்செட் பேட்ரியட்ஸ் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குங்கள். யாங்கீஸின் டபுள்-ஏ அணி அது, அதாவது மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே. நாளைய நட்சத்திரங்கள் அங்கேதான் ஆடுகிறார்கள். சீக்கிரமே போய் வேலியோரம் நில்லுங்கள். பையன் கையில் ராலிங்ஸ் கம்பெனியின் பேஸ்பால் ஒன்றும் நீல பால்பாயின்ட் பேனாவும் இருக்கட்டும். மார்க்கர் பேனா வேண்டாம், தோலில் நாளடைவில் பரவிவிடும். இரண்டு தையல்களும் நெருங்கி வரும் குறுகலான இடத்தைக் காட்டிப் போடச் சொல்லட்டும். அவன் பெயரையும் சேர்த்து எழுதித் தந்தால் இன்னும் நல்லது. மறுவிற்பனையில் விலை குறையும்தான். நீங்கள் விற்கவா வாங்குகிறீர்கள்?